அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியில் கிடைத்த தேய்ந்த செப்புக்காசு எந்தக் காலத்தது, அதற்கு என்ன விலை கிடைக்கும்?

கேள்வியின் கடைசி வரியில் "பழப்புளி போட்டு மினுக்கிப் பார்க்கலாமா?" என்று நீங்கள் கேட்டிராவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டால் திருத்த வழியில்லை.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: செப்புக்காசு ஒன்று, ஒரு பக்கத்தில் யாரோ ஒருவரின் தலை, மறுபக்கத்தில் ஒரு மரம், ஆண்டு தெரியவில்லை, யூரியூப் காணொளி ஒன்றில் இப்படியான காசு இலட்சக்கணக்கில் போகிறது என்றார்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். அந்தக் கொட்டைப்பெட்டி (வெற்றிலையும் காசும் வைக்கும் சிறு ஓலைப்பெட்டி) உங்கள் வீட்டிலும் ஒவ்வொரு இடப்பெயர்விலும் யாரோ ஒருவரின் மடியில் இருந்து தப்பியிருக்கும். பெட்டிக்குரியவர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார். அதனால் காசின் பெறுமதியை அறியும் ஆசையோடு, அதை அவர் ஏன் வைத்திருந்தார் என்று அறியும் ஆசையும் உங்களுக்கு இருக்கும். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் நாணயவியல் படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இத்துறையில் ஆழ்ந்தவர்கள் இந்தப் பதிலுக்குக் கீழே வந்து, "இவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். ஒரு காசை எப்படிப் பாழாக்குவது என்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் அவர்களில் பலருக்கு இருக்காது.

என் அம்மம்மா 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, எண்பதைத் தாண்டிய வயதில், சேலைத் தலைப்பில் முடிந்த கொட்டைப்பெட்டியோடு சரசாலை வரை வந்தவர். பெட்டிக்குள் வெற்றிலைப் பாக்குத் தூளும் இருபத்து மூன்று காசுகளும் இருந்தன. அவற்றில் ஒன்றில் ஓட்டை இருந்தது. என் தாய்மாமன் குழந்தையாக இருந்தபோது அவருடைய அரைஞாணில் கோத்துக் கட்டியிருந்ததாகச் சொன்னார். மற்றொன்று அம்மம்மா "துட்டு" என்று தனியாகப் பிரித்துச் சொல்லும் ஒல்லாந்தர் காலக் காசு. ஒரு பக்கத்தில், அகல விரிந்த "வீ" என்ற உரோம எழுத்தின் இரு கைகளிலும் "ஓ", "சீ" ஆகிய எழுத்துகள் கோத்திருந்தன. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குறி. (ஒரு மாணவன் அதை வ.உ.சி. என்று வாசித்து, கப்பலோட்டிய தமிழன் காசும் அடித்தாரா என்று கேட்டான்.) மறுபக்கத்தில் முடி சூடிய கேடயம், அதனுள் எழுந்து நிற்கும் ஒற்றைச் சிங்கம். அது ஒல்லாந்து மாகாணத்தின் சின்னம். அலைகளுக்கு மேலே பாதிச் சிங்கம் மட்டும் எழுந்தால் அது சீலாந்து மாகாணம். கேடயத்தை இரு புறமும் சிங்கங்கள் தாங்கினால் உத்திரெக்ட். கம்பனி இப்படித் தன் குறியைப் பொறித்த துட்டுகளை 1726 முதல் அடித்தது. ஒல்லாந்தில் எட்டுத் துட்டு ஒரு ஸ்டைவர் (துட்டுக்கு மேற்பட்ட ஒல்லாந்தக் காசு), கிழக்கு நாடுகளிலோ நான்கு துட்டுக்கே ஒரு ஸ்டைவர். குறி இல்லாவிட்டால் அங்கிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து இங்கே இரட்டை விலைக்கு மாற்றுபவர்களைத் தடுக்க முடியாது. நம்மவர் வாயில் இன்றும் புழங்கும் "துட்டு" என்ற சொல்லே அந்தக் காசின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

இந்தத் துட்டில் ஆண்டின் முதல் இரு இலக்கங்களான 17 தெளிவாகவே தெரிந்தது. மூன்றாவது இலக்கம் 3 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். நான்காவது ஒரு நிழல். அம்மம்மா 2001 இல் காலமான பிறகு அந்த நிழலை நான் எத்தனை இரவுகள் பார்த்திருப்பேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பார்.

2003 இல், அமிலங்கள் உலோக ஒட்சைட்டுகளைக் கரைப்பதைப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் பழப்புளி போடுவதை உதாரணமாகச் சொன்னேன். செய்து காட்டினால் மாணவர் மறக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில், கைவசம் இருந்த காசுகளில் மிகவும் கறுத்துப்போனதாகப் பார்த்து இந்தத் துட்டையே எடுத்துப்போனேன். பழப்புளிக் கரைசலில் ஒரு கரண்டி உப்பும் சேர்த்தேன். இரண்டு நிமிடத்தில் காசு புதுப் பானையைப் போலச் சிவந்து மின்னியது. வகுப்பு கை தட்டியது. முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சேர், நீங்கள் சொன்ன ஆண்டு எந்தப் பக்கத்தில இருக்கு?"

எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. 17 கூட இல்லை. சிங்கம் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது.

நடந்தது என்ன என்பதை அன்று பின்னேரமே எனக்குள் விளங்கப்படுத்திக்கொண்டேன். அதை முன்கூட்டி யோசிக்காததுதான் இன்றும் உறுத்துகிறது. தேய்ந்த காசில் எழுத்துக்கும் தளத்துக்கும் உயர வேறுபாடு அநேகமாக இல்லாமற் போய்விடுகிறது. நம் கண் அங்கே வாசிப்பது உயரத்தை அன்று, நிறத்தை. விரல் பட்டுத் தேயும் மேட்டில் செம்பு வெளிறியிருக்கும். விரல் எட்டாத எழுத்தோரப் பள்ளத்தில் கரிய ஒட்சைட்டும் பச்சைக் காபனேற்றும் ஆண்டாண்டாகப் படிந்திருக்கும். அந்தக் கறுப்பே எழுத்தை வரைந்து வைத்திருக்கிறது. பழப்புளியில் உள்ள தார்த்தாரிக் அமிலம் இந்தப் படிவை முழுதாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதன் பின் மேடும் பள்ளமும் ஒரே நிறம். தேசிக்காய், விபூதி, சாம்பல், கடையில் விற்கும் பித்தளை மினுக்கி எல்லாம் ஒவ்வொரு விதத்தில் இதே வேலையைத்தான் செய்யும். சாம்பல் போன்றவை மேற்பரப்பையும் உராய்ந்துவிடும். இதைத் தவிர, மினுக்கிய செப்புக்காசை வாங்கத் தெரிந்தவர் எவரும் முதற் பார்வையிலேயே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இனி உங்கள் காசு. மரம் என்று சொன்னதும் அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்று எனக்கு அநேகமாகத் தெரிந்துவிட்டது. பிரித்தானியர் இலங்கைக்கென்று அடித்த சதக் காசுகளில் 1870 ஆம் ஆண்டு பொறித்தவை முதலாவன. ரூபாவும் சதமுமாகக் கணக்குப் பார்க்கும் முறை 1872 இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அந்தச் செப்புக்காசுகளின் நடுவில் ஒரு மரம், அதன் இரு புறமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி, சுற்றிவர ஆங்கிலத்தில் நாட்டின் பெயரும் பெறுமதியும், அதே பக்கத்தில் ஆண்டு. நம் ஊரில் அதைப் பனை என்பார்கள். தெற்கிலிருந்து வந்து என்னோடு படித்த ஒருவர் தென்னை என்று வாதாடினார். இரண்டும் இல்லை, அது தாளிப்பனை. ஆயுளில் ஒரே ஒரு தடவை உச்சியில் பூத்துக் காய்த்து, பிறகு பட்டுப்போகும் மரம்.

முதலில் எடை பாருங்கள். வீட்டுச் சமையலறைத் தராசு போதாது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த நகைக்கடை ஏதாவது இருந்தால், சனம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கேளுங்கள். அம்மம்மாவின் பெட்டியில் இருந்த, இரு பக்கமும் வழுவழுவென்று போன ஒரு காசை நான் அப்படித்தான் கொண்டுபோனேன். பத்தர் எனக்குப் பழக்கமானவர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்து, "நாலு தசம் மூண்டு ஒண்டு" என்று வாசித்துவிட்டு, "மாஸ்ரர், செய்கூலி போடட்டோ?" என்று கேட்டார். அந்த எண் எனக்குப் போதுமாயிருந்தது. புதிதாக அடித்த ஒரு சதம் 4.72 கிராம், அரைச் சதம் 2.36, காற்சதம் 1.18. ஒன்று மற்றொன்றின் சரிபாதியாக இருப்பதால், காசு எவ்வளவு தேய்ந்தாலும் எது எது என்று மயங்க இடமில்லை. என் காசு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடையைச் சந்தைகளிலும் மடிகளிலும் விட்டுவிட்டு வந்த ஒரு சதம். உங்களுடையது பெரியதாய்ப் பாரமாய் 19 கிராமுக்குக் கிட்ட நின்றால் அது விக்டோரியா காலத்து ஐந்து சதம். அப்படியானால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். எடையால் பிரிக்கும் இந்த முறைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: போர்க்காலத்தில், 1942 முதல், ஒரு சதத்தை மெல்லிய தகட்டில் அடித்தார்கள். அகலம் சதத்தின் அகலம், அதாவது 22 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். ஆனால் கையில் எடுத்தால் தகரம் போல இருக்கும்.

எடைக்கு அடுத்தது மூக்கு. சிரிக்க வேண்டாம், முகம் முழுவதும் அழிந்த பிறகும் தலையின் வெளிக்கோடு நிழலுருவாய் நிற்கும், அந்த நிழலில் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கடைசி வரை தெரியும். வலப்பக்கம் பார்த்தால் அவர் ஏழாம் எட்வேர்ட். காசு 1904 முதல் 1910 வரையான ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் பார்த்தால் மூவரில் ஒருவர். பின்தலையில் கொண்டை முடிச்சின் புடைப்பும் கழுத்தோடு முடிந்த உருவும் விக்டோரியா, 1870 முதல் 1901 வரை. தோள் வரை அகன்று, அங்கி போர்த்தி, தாடியால் நாடி முன்தள்ளி நிற்பவர் ஐந்தாம் ஜோர்ஜ், 1912 முதல் 1929 வரை. முடி சூடியும் தோள் இல்லாமல் தலை மட்டும் இருந்தால் ஆறாம் ஜோர்ஜ், 1937 முதல் 1945 வரை. இரண்டாம் எலிசபெத் மகாராணியின் தலை இந்தச் செப்புச் சதத்தில் வரவே இல்லை. 1955, 1957 ஆம் ஆண்டுகளின் விளிம்பு நெளிந்த இரண்டு சதத்தில்தான் அவர் உண்டு. ஆகவே யாராவது வட்டச் செப்புச் சதத்தைக் காட்டி எலிசபெத் என்று சொன்னால் அவரிடமிருந்து மெல்ல விலகிக்கொள்ளுங்கள்.

ஆண்டைத் தேடுவதற்கு இரவு நல்லது. விளக்கை அணைத்துவிட்டு, காசை மேசையில் படுக்கையாக வைத்து, ரோச் லைட்டையும் மேசையிலேயே படுக்கவைத்து, வெளிச்சம் காசின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி பிடியுங்கள். காசை அசைக்காமல் ரோச்சை மட்டும் சுற்றிவர நகர்த்துங்கள். மேலிருந்து பார்க்கும்போது வெறும் தகடாக இருந்த இடத்தில் ஒரு கோணத்தில் மட்டும் ஒரு 9 இன் வளைவோ ஒரு 0 இன் வயிறோ எழும்பி வந்து, ஒரு அங்குலம் நகர்த்தியதும் மறைந்துவிடும். தொலைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. என் வழுவழுக் காசில் இப்படித்தான் மூன்றாம் இரவு 1, 9, 2 என்று மூன்று இலக்கங்கள் கிடைத்தன; மூக்கு ஏற்கெனவே ஐந்தாம் ஜோர்ஜ் என்று சொல்லியிருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. கடைசி இலக்கம் இன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் பெயர் தெரியாத ஒரு செப்புத் துண்டுக்குப் பத்து ஆண்டுக்குள் ஒரு பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த பெருமை எனக்கு உண்டு. துட்டுக்கு நான் செய்த பாவத்துக்கு இதைப் பிராயச்சித்தமாக வைத்துக்கொள்கிறேன்.

விலை விடயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. இந்தச் சதங்கள் ஏராளமாக அடிக்கப்பட்டவை, ஏராளமாகவே தப்பியும் இருக்கின்றன. நாணயங்களின் விலைப்பட்டியல் நூல்களில் ஒவ்வோர் ஆண்டுக்கும் தரவாரியாக, தேய்ந்ததிலிருந்து புதியது வரை, நிரல் நிரலாகப் பல விலைகள் கொடுத்திருப்பார்கள். காணொளிக்காரர் வாசித்துக் காட்டுவது கை படாத, அச்சகத்துச் செம்மை இன்னும் போகாத காசுக்குரிய கடைசி நிரலை. நம்முடைய காசு முதல் நிரலில், சில வேளைகளில் முதல் நிரலுக்கும் கீழே இருக்கிறது. ஆண்டு வாசிக்க முடியாத காசுக்குச் சேகரிப்பவர் அநேகமாக ஒன்றும் கொடுப்பதில்லை, ஏனென்றால் அவர் நிரப்ப நினைக்கும் வெற்றிடம் ஆண்டுக்குரியது. 2011 இல் கொழும்பில் பழங்காசு வாங்கும் ஒருவரிடம் என் சதங்களைக் காட்டியபோது, ஆண்டு தெரிந்தவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ரூபா சொன்னார். வழுவழுக் காசை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் நேர்மையானவர். செம்பு விலைக்காவது போகும் என்று நினைத்தால், புதுக் காசாகவே ஒரு கிலோவுக்கு 212 சதம் வேண்டும். தேய்ந்தது இன்னும் கூட வேண்டும்.

இணையத்தில் ஒருவர் தன் காசுக்கு இரண்டு இலட்சம் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்து நீங்களும் அதே கணக்குப் போடாதீர்கள். நானும் என் பழைய சைக்கிளுக்கு இரண்டு இலட்சம் என்று எழுதி வைக்கலாம். ஏலத்தில் உண்மையாகவே விற்று முடிந்த விலை என்ன, அந்தக் காசின் தேய்மானம் உங்கள் காசின் தேய்மானத்தோடு ஒத்ததா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது விலை. "முன்பணமாகப் பத்தாயிரம் அனுப்புங்கள், பதிவுக் கட்டணம், பிறகு காசை நாங்கள் வாங்குகிறோம்" என்று யாராவது தொலைபேசியில் கதைத்தால், அது காசு வாங்கும் ஆள் அல்லர், உங்கள் காசைப் பறிக்கும் ஆள்.

விலை என்று வரும்போது எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன், விடயத்துக்கு வெளியே போகிறேன் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்த பிறகு கனடாவிலிருந்து வந்த அதே தாய்மாமன், அரைஞாணில் ஓட்டைக்காசு கட்டியிருந்தவர், "அங்க இதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம், காட்டிப்போட்டு அனுப்பிவிடுறன்" என்று சொல்லி, பெட்டியில் இருந்தவற்றுள் நல்லவையாகப் பதினொன்றைப் பொறுக்கி எடுத்துப்போனார். ஏழாம் எட்வேர்டின் தலை போட்ட, மூலைகள் வளைந்த 1909 ஆம் ஆண்டுச் சதுர ஐந்து சதமும் அதில் ஒன்று. இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில் எடுத்துக் கதைக்கிறார். காசைப் பற்றி அவரும் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஓட்டை போட்ட காசை மட்டும் அவர் தொடவில்லை. ஓட்டைக்காசுக்கு விலை இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு நோகிறது.

பெட்டியை இன்னொரு முறை கவிழ்த்துப் பாருங்கள். படுத்திருக்கும் இடபமும் அதன் கீழே தமிழில் "சேது" என்ற எழுத்தும் உள்ள சிறு செப்புக்காசு கிடைத்தால், அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. கொட்றிங்ரன் 1924 இல் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய காலத்துக்கு முன்பிருந்தே அறிஞர்கள் வாதிட்டு வந்த காசு. அதில் விலைக் கேள்விக்கு முன்னர் சட்டக் கேள்வி இருக்கிறது. இங்கே 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் நடைமுறையில் உண்டு; மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருள் எடுத்தவருக்குச் சொந்தமாவதில்லை, அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. அப்படியொன்று கிடைத்தால் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையில் காட்டுங்கள்.

எடையைப் பார்த்து, மூக்கின் பக்கத்தையும் பார்த்து, ரோச் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றோடு இங்கேயே எழுதுங்கள். வலப்பக்கம் பார்க்கும் மூக்காக இருந்து, ஆண்டு 1904 என்று வாசிக்கவும் முடிந்தால், கொழும்புக்காரர் சொன்ன ஐம்பதைவிடக் கூடத் தர நான் ஆயத்தம். என் பெட்டியில் அந்த ஆண்டு இல்லை.